அப்ப சோறு சாப்பிடறதே தப்பா, டீச்சர்?

கேள்வி: மன்னார்குடி பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். நாம் சாப்பிடுவதற்கும் பருவநிலை மாற்றத்துக்கும் உள்ள தொடர்பை எட்டாம் வகுப்பில் நடத்தினேன். நெல் வயலிலிருந்து மீத்தேன் வருகிறது என்று சொன்னதும் ஒரு பையன் எழுந்து, "அப்ப எங்கப்பா செய்யறது தப்பா டீச்சர், சோறே சாப்பிடக் கூடாதா?" என்று கேட்டான். வகுப்பில் பாதிப் பேர் விவசாய வீட்டுப் பிள்ளைகள். பாடத்தை எப்படித் தொடர்வது?

பதில்: நல்ல கேள்வி கேட்டிருக்கிறான், மழுப்பிவிடாதீர்கள். நெல் வயல் மீத்தேன் விடுவது உண்மைதான், அதுவும் எடைக்கு எடை பார்த்தால், நூறு வருஷக் கணக்கில் கரியமில வாயுவைப் போல சுமார் 28 மடங்கு சூடேற்றும் வாயு. ஆனால் அதை விடுவது நெல் இல்லை. தண்ணீர் கட்டியே நின்றால் மண்ணுக்குள் காற்றுப் போகாது, காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் அங்கே மட்கும் நெல் தாள், வேர் எல்லாவற்றையும் தின்று மீத்தேனை விடுகின்றன. சேற்றில் காலை அழுத்தினால் குமிழ் குமிழாக வருமே, அதில் அதுவும் உண்டு. (நாறுவது மீத்தேன் இல்லை, அதற்கு வாசனையே கிடையாது. இதைச் சொல்லிப் பாருங்கள், பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.) ஆனாலும் பெரும்பகுதி குமிழாக வருவதில்லை, பயிரின் தண்டுக்குள் இருக்கும் காற்றுக் குழல் வழியாகத்தான் சத்தமில்லாமல் வெளியேறுகிறது.

ஆக, பேச வேண்டியது தண்ணீரைப் பற்றி. வயலை விட்டுவிட்டுக் காயவிட்டுத் தண்ணீர் பாய்ச்சும் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' முறை அவன் அப்பாவுக்கே தெரிந்திருக்கும். ஒரு அடி பிளாஸ்டிக் குழாயில் கீழ்ப்பாதி முழுக்கத் துளை போட்டு, அந்தப் பாதியை மண்ணில் இறக்கி, உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிட வேண்டும். குழாய்க்குள் தண்ணீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகு மறுபடி பாய்ச்சினால் போதும், பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடக் கூடாது. மீத்தேன் பாதியளவு வரை குறையும், தண்ணீரும் மிச்சமாகும். ஒரு வயலில் குழாயை நட்டுப் பிள்ளைகளையே அளக்க விடுங்கள். கூடவே இதையும் சொல்லுங்கள்: பம்புசெட் வைத்துக் குறுவை போடுகிறவருக்கு இது சுலபம், ஐப்பசி கார்த்திகை மழையில் சம்பா வயலை யார் காயவிட முடியும்? வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடைக்காரர், தன் முறைக்குத் தண்ணீர் வரும்போது கட்டித்தானே ஆக வேண்டும். இதெல்லாம் இல்லாமல் 'விவசாயி மாறணும்' என்று மட்டும் சொன்னால் அந்தப் பையனுக்கு மறுபடி கோபம் வரும், நியாயமாகத்தான் வரும்.

அடுத்து உளுந்து. சம்பா, தாளடி அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் ஈர வயலில் தெளிக்கிறோமே, அதில் ஒரு செடியை வேரோடு பிடுங்கி வகுப்புக்குக் கொண்டு வரச் சொல்லுங்கள். வேர் முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும், அப்படி இருந்தால் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும் வேலை நடக்கிறது என்று அர்த்தம். அந்த அளவுக்கு யூரியா வேண்டாம், அதைத் தயாரிக்க எரிக்கும் எரிவாயுவும் வேண்டாம். 2018-ல் வந்த பெரிய உலகளாவிய ஆய்வின் சராசரிக் கணக்கில், ஒரு கிலோ அரிசிக்கு சுமார் 4 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான வாயுக்கள், பருப்பு வகைகளுக்கு 1 முதல் 2 கிலோதான். மாட்டிறைச்சிக்கு இதெல்லாம் பல மடங்கு.

அந்தக் கடைசி வரியில்தான் கவனம் தேவை. யார் டிபன் பாக்ஸில் என்ன இருக்கிறது என்ற பேச்சுக்கு வகுப்பில் இடமே கொடுக்காதீர்கள். நம்ம ஊரில் அது பருவநிலைப் பாடமாக நிற்காது, சாதிப் பேச்சாகிவிடும். அசைபோடும் எந்த மாடும் ஏப்பத்தில் மீத்தேன் விடும், பால் மாடு உட்பட. தயிர் சாதக்காரர்களும் இந்தக் கணக்கில் உண்டு என்று சொல்லிவிட்டால் யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள்.

கேள்வி: என் மகள் பள்ளியில் கேட்டுவிட்டு வந்து, வெளியூர்க் காய்கறி வாங்கக் கூடாது, லாரிப் புகை என்கிறாள். சரியா? (பாபநாசம் வாசகர்)

பதில்: பாதி சரி. உணவு சம்பந்தப்பட்ட வாயுக்களில் போக்குவரத்தின் பங்கு பொதுவாகப் பத்தில் ஒரு பங்குக்கும் கீழேதான், விமானத்தில் வரும் பழங்கள் வேறு கதை. ஊட்டி கேரட்டைப் பற்றிய கவலையை விட்டுவிடுங்கள், அடுத்த கல்யாணத்துக்குப் போகும்போது பந்தி முடிந்து இலை எடுப்பதற்கு முன்னால் ஒரு வரிசையைப் பார்க்கச் சொல்லுங்கள். எது மிஞ்சுகிறது, இனிப்பா, இரண்டாவது பொரியலா, கேட்காமலே வைத்த சாதமா? 2022-ல் மட்டும் உலகத்தில் வீடு, கடை, ஓட்டல் எல்லாமாகச் சேர்ந்து 105 கோடி டன் உணவை வீணாக்கியிருப்பதாக ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு கணக்குச் சொல்கிறது. விளைவிக்கும்போது போன வாயு போனதுதான், குப்பைமேட்டில் குவிந்து அழுகும்போது மறுபடியும் மீத்தேன்.

கேள்வி: மீன்? (நாகப்பட்டினம்)

பதில்: மத்தி, நெத்திலி தாராளமாகச் சாப்பிடுங்கள். பண்ணை இறாலுக்குத் தீவனம், குளத்துத் தண்ணீரில் காற்றைக் கலக்க ராத்திரி பகலாக ஓடும் காற்றூட்டி என்று வாயுக் கணக்கு அதிகம், அதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.