சுடாமல் இறக்கிய துப்பாக்கி

அன்புள்ள ஆசிரியருக்கு,

துப்பாக்கி சுடுதல் பற்றி நீங்கள் எழுதும் குறிப்புகளைத் தொடர்ந்து படிக்கிறேன். இளவயதில் கிளப் அளவில் சுட்டவன் நான். என் மகளுக்கு இப்போது 11 வயது. அவளாகவே கேட்டதால் ஞாயிற்றுக்கிழமைகளில் ரேஞ்சுக்கு (சுடும் பயிற்சிக்கூடத்துக்கு) அழைத்துப்போய் 10 மீட்டர் ஏர் ரைஃபிள், அதாவது காற்றழுத்தத் துப்பாக்கி, சொல்லித்தருகிறேன். ஆர்வமாகத்தான் வந்துகொண்டிருந்தாள். போன வாரம் துப்பாக்கியைத் தூக்குவாள், குறிபார்ப்பாள், சுடாமல் இறக்கிவிடுவாள். மறுபடி தூக்குவாள், மறுபடி இறக்குவாள். பக்கத்து லேனில் அவளைவிடச் சின்னப் பையன் படபடவென்று சுட்டுக்கொண்டிருந்தான். எனக்குப் பொறுமை போய்விட்டது. "பயப்படாதம்மா, சுடு, நேரம் போகுது" என்றேன். சுட்டாள். பெல்லட், அந்தச் சின்ன ஈயக் குண்டு, இலக்கு அட்டையின் ஓரத்தில் போய் விழுந்தது. துப்பாக்கியை வைத்துவிட்டு அழத் தொடங்கிவிட்டாள். இந்த ஞாயிறு வரமாட்டேன் என்கிறாள்.

அவளுக்குத் தன்னம்பிக்கை போதவில்லையா? அப்பாவே சொல்லித்தருவது தவறா, கோச்சிடம் விட்டுவிட வேண்டுமா? குழந்தை கையில் துப்பாக்கியைக் கொடுத்தால் மனசு கெட்டுப்போகும் என்று என் அக்கா வேறு சொல்லிக்கொண்டே இருக்கிறார். உங்கள் கருத்து தெரிந்தால் நன்றாக இருக்கும்.

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்,

உங்கள் மகள் செய்தது சரி. அன்றைக்கு அவள் செய்தவற்றிலேயே மிகச் சரியான காரியம் சுடாமல் இறக்கியதுதான். முதலில் இதை நீங்களே அவளிடம் சொல்லிவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

10 மீட்டர் ஏர் ரைஃபிள் அட்டையில் நடுப்புள்ளியின் குறுக்களவு அரை மில்லிமீட்டர். சுடும் பெல்லட்டோ 4.5 மில்லிமீட்டர். அந்தப் புள்ளி அவள் நிற்கும் இடத்திலிருந்து கண்ணுக்கே தெரியாது. தெரிவது 30.5 மில்லிமீட்டர் கறுப்பு வட்டம் ஒன்றுதான். முன் சைட்டின் (குழல் நுனியில் இருக்கும் குறிபார்க்கும் கருவியின்) வளையத்துக்குள் அந்தக் கறுப்பை நடுவில் உட்காரவைக்க வேண்டும். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தியதும் ஆட்டம் குறையும், கறுப்பு ஓரளவு அடங்கி நிற்கும். அந்தச் சில விநாடிகளுக்குள் விசை (டிரிகர்) விழுந்துவிட்டால் நல்லது. ஏழெட்டு விநாடி தாண்டிவிட்டால் கண் களைத்துவிடும். ஆட்டம் கூடினாலும் கூடியது தெரியாது. முன்பு பார்த்த நல்ல காட்சியையே கண் காட்டிக்கொண்டிருக்கும். அப்போதுதான் விரல் அவசரப்படும். "இப்ப, இப்ப" என்று மனசு சொல்ல, விசையை வெடுக்கென்று இழுத்துவிடுவோம். உங்கள் மகளின் பெல்லட் ஓரத்துக்குப் போனது இப்படித்தான் இருக்கும்.

நேரம் தாண்டினால் இறக்கு, மூச்சு வாங்கு, மறுபடி தூக்கு. கோச்சுகள் இதைப் பழக்குவதற்குப் படாத பாடு படுகிறார்கள். தூக்கிய துப்பாக்கியைச் சுட்டே தீரவேண்டும் என்ற உந்துதலை அடக்குவது பெரியவர்களுக்கே கஷ்டம். உங்கள் மகளுக்கு அது தானாகவே வந்திருக்கிறது. அதை நீங்கள் பயம் என்று எடுத்துக்கொண்டீர்கள். "நேரம் போகுது" என்றீர்களே, ஒலிம்பிக் தகுதிச் சுற்றிலேயே 60 தோட்டாவுக்கு 75 நிமிடம் தருகிறார்கள். ஒன்றுக்கு ஒன்றேகால் நிமிடம். நாலு தடவை இறக்கிவிட்டுச் சுடவும் அதில் இடம் இருக்கிறது. பக்கத்து லேன் பையனை மறந்துவிடுங்கள்.

இதைப் புள்ளிக்காக மட்டும் சொல்லவில்லை. ரேஞ்சின் பாதுகாப்பு முழுக்க இந்த ஒரு பழக்கத்தின் மேல்தான் நிற்கிறது. "ஸ்டாப்" என்று குரல் கேட்கும்போது பாதி விசை அழுத்தியிருக்கும் குழந்தை என்ன செய்யும்? தூக்கினால் சுடுவது என்று பழகிய குழந்தை, அதை முடித்துவிட்டுத்தான் நிற்கும். இறக்கப் பழகிய குழந்தையின் விரல் அந்தக் கணமே விசையைவிட்டு வெளியே வந்துவிடும். குழல் எப்போதும் இலக்குப் பக்கம், சுட முடிவு செய்யும்வரை விரல் விசைக்கு வெளியே, எந்தத் துப்பாக்கியும் நிரப்பப்பட்டதாகவே கணக்கு, இலக்கையும் அதற்குப் பின்னால் இருப்பதையும் தெரிந்துகொண்டு சுடு என்றெல்லாம் நீங்கள் சொல்லிக்கொடுத்திருப்பீர்கள். கூடவே இன்னொன்றும் சொல்லுங்கள்: ஆபத்தாக எதைப் பார்த்தாலும் "ஸ்டாப்" என்று கத்தும் உரிமை ரேஞ்சில் நிற்கும் எல்லோருக்கும் உண்டு, அவளுக்கும் உண்டு. தப்பாகக் கத்திவிட்டாலும் யாரும் திட்டக்கூடாது. நீங்களும்தான்.

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டி (மண்டியிட்டும் படுத்தும் நின்றும் சுடுவது). அமெரிக்காவின் மாத்யூ எமன்ஸ் முன்னணியில் இருந்தார், மிச்சம் ஒரே ஒரு தோட்டா. சுமாராகச் சுட்டிருந்தாலே தங்கம். அவர் சுட்டது பக்கத்து லேன் அட்டையில். அதற்குப் பூஜ்யம், எட்டாம் இடத்துக்கு இறங்கிவிட்டார். உலகத்தரமான கைக்கே, எந்த அட்டை என்று ஒருதரம் பார்த்துக்கொள்ளும் நிதானம் தேவைப்படுகிறது. சந்தேகம் துளி வந்தாலும் துப்பாக்கியை இறக்கு என்பதற்கு உங்கள் மகளிடம் இந்தக் கதையைச் சொல்லலாம்.

சரி, அவள் ஏன் அவ்வளவு தடவை இறக்கினாள் என்றும் பார்க்க வேண்டும். எனக்குத் தோன்றும் முதல் காரணம் துப்பாக்கியின் பாரம். போட்டித் துப்பாக்கி 5.5 கிலோ வரை இருக்கலாம் என்பது விதி. பெரியவர்களின் போட்டித் துப்பாக்கி பெரும்பாலும் நாலு கிலோவுக்குக் குறையாது. அதை 11 வயதுப் பிள்ளை நின்றுகொண்டு தாங்கினால் முதுகு பின்னால் வளையும், இடுப்பு முன்னால் போகும், கை நடுங்கும். அவள் இறக்கியது கை நோவினாலும் இருக்கலாம். இந்த வயதில் முன்பக்கத்தை ஸ்டாண்டில் தாங்கவைத்து, அல்லது மேசையில் வைத்துச் சுடவிடுவதில் எந்தக் குறையும் இல்லை. குறி, மூச்சு, விசை மூன்றும் முதலில் படியட்டும். நின்று தாங்கும் வலு வயதோடு வரும்.

அடுத்தது நீளம். துப்பாக்கியின் பின்கட்டையை அவள் முழங்கை மடிப்பில் வைத்துப் பாருங்கள். ஆள்காட்டி விரலின் முதல் கணு விசையில் இயல்பாகப் படிய வேண்டும். எட்டவில்லை என்றால் கட்டை நீளம். கட்டை நீளமானால் கன்னம் அதன் மேல் உட்காராது, கண் பின் சைட்டின் துளைக்கு நேரே வராது, கறுப்பு வட்டம் பிறையாகத் தெரியும். பிள்ளைக்கு இதையெல்லாம் சொல்லத் தெரியாது, துப்பாக்கியை இறக்கிவிடுவாள். எந்தக் கண் ஆதிக்கக் கண், அதாவது குறிபார்க்கும்போது முந்திக்கொள்ளும் கண், என்றும் பாருங்கள். இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டி நடுவில் சின்ன இடைவெளி விட்டு, அதன் வழியாகத் தூரத்துப் பொருளைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடினால் எந்தக் கண்ணுக்கு அந்தப் பொருள் தெரிகிறதோ அதுதான். வலக்கைக்காரிக்கு இடக்கண் ஆதிக்கமாக இருந்தால் சேதி வேறு. கோச்சைக் கேட்டு முடிவெடுங்கள். மற்றக் கண்ணை இறுக்கி மூடச் சொல்லாதீர்கள். முகம் முழுக்க இறுகிவிடும். ஒரு சின்ன மறைப்பட்டை போதும்.

சொல்லித்தரும்போது நீங்கள் அட்டையைப் பார்க்கவே கூடாது. பக்கவாட்டில் நின்று விரலைப் பாருங்கள். நல்ல சுடலில் நகம் மெல்ல மெல்ல வெளுக்கும், விசை விழுந்த பிறகும் விரல் அங்கேயே ஒரு கணம் இருக்கும், கன்னம் கட்டையைவிட்டு எழாது. அது நடந்திருந்தால் பெல்லட் எங்கே விழுந்தாலும் "நல்லாச் சுட்டே" என்று சொல்லலாம். விரல் துள்ளிவிட்டால், பெல்லட் நடுப்புள்ளியிலே விழுந்தாலும் பாராட்டாதீர்கள். சில நாள் அட்டையைத் திருப்பி, வட்டமே இல்லாத வெள்ளைப் பக்கம் தெரியும்படி மாட்டி, ஐந்து பெல்லட்டும் ஒரே இடத்தில் கூடி விழுகிறதா என்று மட்டும் பாருங்கள். எங்கே கூடினாலும் சரி, சைட்டைத் திருப்பி நடுவுக்குக் கொண்டுவருவது இரண்டு நிமிட வேலை.

அப்பாவா கோச்சா என்ற கேள்விக்கு என் பதில், இரண்டு பேரும். நிலையும் நுணுக்கமும் கோச் பார்க்கட்டும். பாதுகாப்புப் பழக்கத்தை நீங்கள் பாருங்கள், அதில் பெற்றோர் அளவுக்குப் பிடிவாதமாக வேறு யாரும் இருக்கமாட்டார்கள். ஒன்றைக் கவனியுங்கள். ஒவ்வொரு தோட்டாவுக்கும் பிறகு அவள் திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கிறாளா? பார்த்தால், எழுந்து பின்வரிசைக்குப் போய்விடுங்கள். அவள் உங்களுக்காகச் சுடுகிறாள் என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை அழவைத்தது பெல்லட் விழுந்த இடம் என்று நான் நினைக்கவில்லை.

உங்கள் அக்காவின் கவலையைத் தள்ளிவிடாதீர்கள். துப்பாக்கி ஆயுதம்தான், ஏர் ரைஃபிளும் கண்ணைப் பறிக்கும், அருகில் சுட்டால் உயிரையே எடுக்கும். அதை விளையாட்டுச் சாமான் என்று சொல்லி அவரைச் சமாதானப்படுத்தினால் பிள்ளையும் அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். வீட்டில் துப்பாக்கி இருந்தால் பூட்டுக்குள், பெல்லட் வேறு பூட்டுக்குள், இரண்டு சாவியும் உங்களிடம். மகள் பொறுப்பானவள் என்பது இதற்கு மாற்று ஆகாது. அவளுடைய தோழிகளும் வீட்டுக்கு வருவார்கள். பெல்லட் ஈயம் என்பதையும் அக்காவிடம் மறைக்க வேண்டாம். குழந்தை உடம்புக்குள் இவ்வளவு ஈயம் போனால் பரவாயில்லை என்று சொல்லும்படியான பாதுகாப்பான அளவு எதுவும் இல்லை. பெல்லட்டை வாயில் வைக்கக்கூடாது, ரேஞ்சில் எதுவும் சாப்பிடக்கூடாது, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் தண்ணீர்ப் பாட்டிலைத் தொடவேண்டும். இந்த ஒழுங்கை நேரில் பார்த்தால் அக்காவுக்கும் பாதிக் கவலை போகும், ஒருநாள் அழைத்துப்போங்கள்.

இந்த ஞாயிறு அவளை வற்புறுத்தாதீர்கள். அவளாக வந்தால், ஸ்டாண்டு போட்டுக்கொடுத்து, பெல்லட் போடாமலே பத்துத் தடவை தூக்கி இறக்கச் சொல்லுங்கள். விசை தொடவே வேண்டாம். எப்போது பெல்லட் போடலாம் என்பதை அவள் சொல்லட்டும். இறக்கியதற்குக் காரணம் மட்டும் கேட்காதீர்கள்.

அன்புடன்.