லண்டனுக்கு 11 மணி நேரம், கட்டுநாயக்காவுக்கு எவ்வளவு?

கொழும்பிலிருந்து லண்டனுக்கு விமானத்தில் எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டிலிருந்து முதன்முறையாக யாரையோ அனுப்பப் போகிறீர்கள் என்றே நினைக்கிறேன்.

கொழும்புக்கு அருகே விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்காவிலிருந்து லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்துக்கு ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர். எங்கும் இறங்காமல் செல்லும் விமானத்தில் சுமார் 11 மணி நேரம் ஆகும். திரும்பி வரும்போது, மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசும் உயர்வானக் காற்று துணைக்கு வருவதால், பெரும்பாலும் நேரம் சற்றுக் குறையும். துபாய் ஏறக்குறைய வழியிலேயே இருப்பதால் அவ்வழியாகப் போனாலும் தூரம் அதிகம் கூடாது; ஆனால் இடைக் காத்திருப்பையும் சேர்த்தால் 15 மணி நேரத்தை எளிதில் தாண்டிவிடும்.

பயணச்சீட்டில் இருப்பவை அந்தந்த ஊர் நேரங்கள். என் தங்கை 2018 ஜூனில் படிக்கப் புறப்பட்டபோது, பகல் 1 மணிக்கு ஏறி இரவு 7.30க்கு இறங்குவதாகச் சீட்டில் இருந்ததைக் கேட்டு, "ஆறரை மணி நேரந்தானா?" என்று அம்மா மகிழ்ந்துபோனார். கோடையில் லண்டன் நமக்கு நாலரை மணி நேரமும், குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரமும் பின்தங்கியிருக்கும் என்பதை விளக்கிய பிறகுதான் அவருக்கு 11 மணி நேரக் கணக்குப் புரிந்தது.

நான் விமானத் துறையைச் சேர்ந்தவன் அல்லன். மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்த ஆசிரியன். தரைவழிக் கணக்கைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. சீட்டு எடுத்துக் கொடுத்த முகவர், விமான நிலையத்துக்கு நான்கு மணி நேரம் போதும் என்றார். அவரை நம்பாமல் நாங்கள் அதிகாலை 3 மணிக்கே லயத்தை, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டை, விட்டுப் புறப்பட்டோம். குண்டும் குழியுமான தோட்டத்துப் பாதையில் 6 கிலோமீற்றரைக் கடந்து பிரதான வீதிக்கு வரவே வேனுக்கு 45 நிமிடம் பிடித்தது. அந்த 45 நிமிடத்தில் விமானம் 600 கிலோமீற்றருக்கு மேல் பறந்துவிடும். இலங்கையின் முழு நீளமே சுமார் 430 கிலோமீற்றர்தான்.

ஹட்டனைத் தாண்டி வட்டவளைக்கு அப்பால் மண்மேடு சரிந்து வீதி அடைபட்டிருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தும் வழி திறக்கவில்லை. கடைசியில், முப்பது வருடம் கொழுந்துக் கூடை சுமந்த என் அம்மா, முந்தானையைச் சும்மாடாகச் சுற்றி, 23 கிலோ பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு, முழங்கால் அளவு சேற்றில் முன்னே நடந்தார். மறுபக்கம் நின்ற பஸ்ஸில் அவிசாவளை வரை போய், அங்கிருந்து வேறொரு வேன் பிடித்து விமான நிலையத்தை அடைந்தபோது மணி 12.25. புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே, அதாவது 12 மணிக்கே, கவுண்டரை மூடிவிட்டார்கள்.

முன்கூட்டியே புறப்பட்டிருக்கலாமே என்று இங்கும் சிலர் எழுதக்கூடும். அங்கிருந்த அலுவலரும் அதையேதான் சொன்னார். பத்து மணி நேரம் முன்னதாகப் புறப்பட்டவர்களிடம் அப்படிச் சொல்வது நியாயமில்லை. தோட்டத்துப் பாதையைச் செப்பனிடாமல் விட்டதும், ஒவ்வொரு மழைக்கும் மண் சரியும் வீதியைப் பாதுகாக்காமல் வைத்திருப்பதும் பயணிகளின் குற்றமல்ல. தேதி மாற்றக் கட்டணத்துக்காக அம்மாவின் இரண்டு வளையல்களும் அடகுக்குப் போயின.

அடுத்த முறை முதல் நாள் காலையிலேயே புறப்பட்டு, விமான நிலையத்துக்கு அருகிலுள்ள நீர்கொழும்பில் தங்கினோம். நீங்களும் மலையகத்திலிருந்து புறப்படுபவரானால், தென்மேற்குப் பருவமழை பெய்யும் மே முதல் செப்டம்பர் வரை, அந்த 11 மணி நேரத்துக்கு முன்னால் ஒரு முழு நாளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.