மூட்டில் டிபி: ஆபரேஷன் எப்போது?

கணவர் விசைப்படகில் போகிறவர், வயது 46. இடுப்பு மூட்டு டிபிக்கு ஒரு வருடம் மாத்திரை சாப்பிட்டு முடித்தார். தொடை எலும்பின் பந்து முனை கரைந்துவிட்டதாம். மூட்டு மாற்றலாமா? (பாம்பன் வாசகி)

மாற்றலாம், ஆனால் அவசரம் வேண்டாம். கிருமி மிச்சமிருந்தால் புது மூட்டைச் சுற்றியும் நோய் கிளம்பும். உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளான இஎஸ்ஆர், சிஆர்பி இறங்கியிருக்க வேண்டும். எம்ஆர்ஐயில் சீழ் தெரியக் கூடாது. நோய் அடங்கி 10 வருடம் போகட்டும் என்ற பழைய கணக்கு இப்போது இல்லை. ஆபரேஷனில் எடுத்த சதையை லேபுக்கு அனுப்பிவிட்டு, அப்புறமும் சில மாதம் டிபி மாத்திரை கொடுப்பது வழக்கம்.

அவர் செய்யும் வேலையை டாக்டரிடம் விவரமாகச் சொல்லுங்கள். ஆடுகிற தளத்தில் நின்று வலை இழுப்பதும் குத்தவைத்து உட்கார்வதும் செயற்கை மூட்டுக்கு ஆகாது. பந்து கிண்ணத்திலிருந்து நழுவலாம். இன்னொரு வழியும் உண்டு. கெட்ட பந்தை எடுத்துவிட்டு, எதையும் பொருத்தாமல் விடுவது. கர்டில்ஸ்டோன் ஆபரேஷன் என்பார்கள். கால் சில சென்டிமீட்டர் குட்டையாகும், சாய்ந்து நடப்பார், கைத்தடி வேண்டியிருக்கும். ஆனால் வலி குறையும், சம்மணம் போடலாம், குத்தவைக்கலாம். தரையில் புழங்கும் நம் வீடுகளுக்கு இதை மட்டமான ஆபரேஷன் என்று நான் சொல்லமாட்டேன். பழையபடி கடலுக்குப் போவது மட்டும் எந்த வழியிலும் கஷ்டம்தான்.

அம்மா கடல்பாசி எடுப்பவர். ஐந்து மாதமாக முழங்கால் வீக்கம். டிபியாக இருக்கலாம் என்கிறார்கள். இருமலே இல்லையே? (மண்டபம்)

இருமல் இல்லாமலும் வரும். கிருமி ரத்தத்தோடு போய் மூட்டில் தங்கிவிடுகிறது. கடல் தண்ணீரில் நிற்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முதலில் மூட்டுச் சவ்வில் சிறு துண்டு எடுத்துப் பரிசோதிக்கட்டும். எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்பதும் அதில் தெரியவரும். டிபி உறுதியானால் 2 மாதம் நான்கு மருந்து, பிறகு 10 மாதம் மூன்று மருந்து. சிலருக்கு இன்னும் நீளும். ஆரம்ப நிலை என்றால் பெரும்பாலும் கத்தியே வேண்டாம். மருந்துக்கும் வீக்கம் வற்றாவிட்டால்தான் சவ்வைச் சுரண்டி எடுப்போம். எண்ணெய் போட்டு நீவ வேண்டாம். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனால் பயந்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், அது ரிஃபாம்பிசின் என்ற டிபி மருந்து செய்யும் வேலை.

முழங்காலை ஒட்டவைத்துவிடலாம் என்கிறார் டாக்டர். தொழுகையில் உட்கார முடியுமா? (கீழக்கரை)

முடியாது, நாற்காலியில்தான் தொழ வேண்டும். லேசான மடக்கத்தில் எலும்போடு எலும்பாக ஒட்டிவிடும். வலி போய்விடும், பாரம் தாங்கும். ஆனால் பஸ் சீட்டில்கூடக் கால் நீட்டியபடிதான். சம்மதிப்பதற்கு முன் முழங்கால் மடங்காதபடி கட்டுப் போட்டு இரண்டு வாரம் வீட்டில் வாழ்ந்து பாருங்கள். உங்கள் நிலைக்கு மூட்டு மாற்று சரிவருமா என்றும் கேளுங்கள். ஒட்டியதைப் பிறகு பிரிப்பது பெரிய வேலை.

செலவு? (தொண்டி)

டிபி மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். 2024 நவம்பருக்கு முன் 500. ஆபரேஷனுக்கு முதல்வர் காப்பீட்டு அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள்.