மாநில அரசு யாருக்குக் கீழே? கூட்டாட்சி பற்றிச் சில கேள்விகள்

ஐயா, குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறேன். இந்தியா கூட்டாட்சி நாடா, ஒற்றையாட்சி நாடா? புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறது.

அரசமைப்புச் சட்டத்தின் 1-வது உறுப்பு 'மாநிலங்களின் ஒன்றியம்' என்று மட்டும் சொல்கிறது தம்பி. பெயரை விடுங்கள், அமைப்பைப் பாருங்கள். ஏழாவது அட்டவணையில் மூன்று பட்டியல்கள் உண்டு. போலீஸ் மாநிலத்துக்கு, ராணுவம் ஒன்றியத்துக்கு, காடு இருவருக்கும், அதாவது பொதுப் பட்டியலில். மாநிலத்துக்கு அதிகாரம் கொடுத்தது டெல்லி இல்லை, அரசமைப்புச் சட்டம். டெல்லிக்குக் கொடுத்ததும் அதேதான். இதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

தராசு டெல்லிப் பக்கம் சாய்ந்திருப்பதும் உண்மைதான். பட்டியலில் இல்லாத விஷயங்கள் நாடாளுமன்றத்துக்கே போகும். 3-வது உறுப்பின்படி ஒரு மாநிலத்தின் எல்லையை மாற்ற அந்தச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்டால் போதும், சம்மதம் தேவையில்லை.

கல்வி முன்பு மாநிலப் பட்டியலில் இருந்ததாமே?

ஆமாம்மா. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ல், 42-வது திருத்தம் அதைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. காடும் அப்போது போனதுதான். அந்த மாற்றம் தவறு என்பது என் உறுதியான கருத்து.

பொதுப் பட்டியலில் மத்திய சட்டமும் மாநிலச் சட்டமும் மோதினால்?

மத்திய சட்டம்தான் நிற்கும். ஆனால் 254(2)-வது உறுப்பில் ஒரு வழி இருக்கிறது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தால் அந்த மாநிலத்துக்குள் மாநிலச் சட்டம் செல்லும். 2017-ல் ஜல்லிக்கட்டுக்காக மிருகவதைத் தடுப்புச் சட்டத்தைத் தமிழ்நாடு திருத்தியது இந்த வழியில்தான். 2023-ல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது.

குடியரசுத் தலைவர் ஆட்சிக்கான 356-வது உறுப்பை வைத்து எந்த மாநில ஆட்சியையும் கலைத்துவிடலாமா?

ஒரு காலத்தில் கிட்டத்தட்ட அப்படித்தான் நடந்தது. 1989 ஏப்ரலில் கர்நாடகத்தில் நடந்ததைக் கேளுங்கள். முதல்வர் எஸ்.ஆர்.பொம்மை. 19 எம்எல்ஏக்கள் ஆதரவை விலக்கிக்கொண்டதாக ஆளுநரிடம் கடிதங்கள் வந்தன. இரண்டே நாளில் அவர்களில் ஏழு பேர், எங்களை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள். சட்டமன்றத்தைக் கூட்டுங்கள், பெரும்பான்மையைக் காட்டுகிறேன் என்றார் பொம்மை. ஆளுநர் கேட்கவில்லை. ஏப்ரல் 21 அன்று ஆட்சி போனது.

தமிழ்நாட்டில் 1991 ஜனவரியில் நடந்தது இன்னும் மோசம். ஆட்சியைக் கலைக்கப் பரிந்துரைக்க ஆளுநர் பர்னாலா மறுத்துவிட்டார். 356-ல் ஆளுநரின் அறிக்கை 'அல்லது வேறு வகையில்' என்று ஒரு சொல் இருக்கிறது. அதை வைத்தே கலைத்தார்கள்.

1994 மார்ச் 11 அன்று, பொம்மை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு இதற்குக் கடிவாளம் போட்டது. பெரும்பான்மை இருக்கிறதா என்பதைச் சட்டமன்றத்தில்தான் பார்க்க வேண்டும், ஆளுநர் மாளிகையில் இல்லை. இரு அவைகளும் ஒப்புக்கொள்ளும்வரை சட்டமன்றத்தைக் கலைக்க முடியாது, முடக்கித்தான் வைக்கலாம். கலைப்புக்கான காரணத்தை நீதிமன்றம் சோதிக்கலாம். கர்நாடகக் கலைப்பு தவறு என்றும் சொன்னார்கள். ஆனால் அதற்குள் ஐந்து வருடம் ஓடி, தேர்தலும் நடந்து முடிந்திருந்தது. அந்தத் தாமதம் எனக்கு இன்றும் வலிக்கிறது.

ஆளுநர் மசோதாவைக் கையெழுத்துப் போடாமலே வைத்திருக்கலாமா?

200-வது உறுப்பில் நாள் கணக்கு இல்லை. 2025 ஏப்ரலில், தமிழ்நாடு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் கெடு விதித்தது. அதே நவம்பரில், குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்கு ஐந்து நீதிபதிகள் பதில் சொன்னார்கள்: நீதிமன்றம் கெடு விதிக்க முடியாது, ஆனால் காரணமே சொல்லாமல் காலவரையின்றி இழுத்தால் தலையிடலாம்.

நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு இருந்தால், அரசமைப்புச் சட்டத்தைத் திருத்தி மாநிலங்களையே ஒழித்துவிட முடியுமா?

முடியாது. திருத்தலாம், அடித்தளத்தைப் பெயர்க்கக் கூடாது என்று 1973-ல் கேசவானந்த பாரதி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கூட்டாட்சியும் அந்த அடித்தளத்தில் சேரும் என்பதைப் பொம்மை தீர்ப்பு உறுதி செய்தது. 1973-ல் அந்த வழக்கைக் கேட்டவர்கள் பதின்மூன்று நீதிபதிகள். தீர்ப்பு ஏழுக்கு ஆறு. ஒரே ஒருவர் அந்தப் பக்கம் போயிருந்தால் உங்களுக்கு இப்போது வேறு பதில் சொல்லியிருப்பேன்.