மூச்சு வாங்கினால் மனசு லேசாவது ஏன்?

கேள்வி: எனக்கு 46 வயது. தினமும் காலையில் எங்கள் அடுக்குமாடிப் படிகளில் மூச்சு வாங்க 15 நிமிடம் ஏறி இறங்குகிறேன். அதன்பிறகு யார் என்ன சொன்னாலும் எரிச்சலே வருவதில்லை. 'எல்லாம் எண்டார்பின்' என்கிறான் மகன். அப்படியா? பதற்றத்துக்கு எடுக்கும் மாத்திரையை நிறுத்திவிடலாமா?
- வாசகி, கோவை

பதில்: நானும் பல வருடங்களாக நோயாளிகளிடம் எண்டார்பின் கதையைத்தான் சொல்லி வந்தேன், அம்மா. இப்போது சொல்வதில்லை. ஓடினால், உடலே சுரக்கும் வலிநிவாரணியான எண்டார்பின் ரத்தத்தில் கூடுவது நிஜம். ஆனால் அது பெரிய மூலக்கூறு. ரத்தத்திலிருந்து மூளைக்குள் லேசில் நுழையாது. 2021-ல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வில், எண்டார்பின் வேலை செய்யவிடாத மருந்தைக் கொடுத்து ஓடவைத்தார்கள். அப்போதும் ஓடினால் வரும் அந்தப் பரவசம் வந்தது! இப்போது சந்தேகம், உடலே சுரக்கும் இன்னொரு பொருளான 'ஆனந்தமைடு' பக்கம் திரும்பியிருக்கிறது. கொழுப்பில் கரைவதால் சுலபமாக மூளைக்குள் போய்விடும். 1992-ல் ஜெருசலேமில் கண்டுபிடித்தவர்கள் நம் 'ஆனந்தம்' என்ற சொல்லையே அதற்குப் பெயராக வைத்தார்கள். எனக்கு மிகப் பிடித்த பெயர் அது.

இன்னொன்றும் நடக்கிறது. கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் மேடாக் குழுவினர், அதிகபட்ச இதயத்துடிப்பில் 85 சதவீதத்தைத் தொடும்வரை சைக்கிள் மிதிக்கவைத்து, முன்னும் பின்னும் மூளையை ஸ்கேன் செய்தார்கள். முடிவு 2016-ல் வந்தது: நரம்புகளைத் தூண்டும் குளூட்டமேட், அடக்கும் காபா இரண்டுமே கூடியிருந்தன. மனச்சோர்வு உள்ள பலருக்குக் குறைவாக இருப்பவை இவைதான். முந்தைய வாரம் நன்றாக உடற்பயிற்சி செய்தவர்களுக்கு, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே குளூட்டமேட் அதிகமாக இருந்தது. ஒருநாள் கூத்தாகச் செய்யாமல் தினமும் செய்கிறீர்களே, அதுதான் எனக்குச் சந்தோஷம்.

உங்கள் வயதுக்கு அந்த 85 சதவீதம் என்பது தோராயமாக நிமிடத்துக்கு 148 துடிப்பு. இசிஜி, பிரஷர் பார்க்காமல் அதை எட்டிப் பிடிக்க முயலாதீர்கள்.

மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தவே கூடாது. 'தினமும் ஓடுகிறேனே' என்று சட்டென நிறுத்திய ஒருவர், நாலாம் நாள் தலைசுற்றலோடு சுவரைப் பிடித்தபடி என் அறைக்குள் வந்தார். எழுதிக்கொடுத்த டாக்டரிடம் படி ஏறும் விஷயத்தைச் சொல்லுங்கள். குறைக்கலாம் என்றால் அவரே படிப்படியாகக் குறைப்பார்.

ஏறும் வேகத்தில் இறங்காதீர்கள். முழங்காலுக்கு அதிக அடி விழுவது இறங்கும்போதுதான்.