வளைக்கும்போது மோட்டார் அலறுதா?

கேள்வி: ஃபைபர் போட்ல அவுட்போர்டு மோட்டார் (போட்டுக்குப் பின்னாடி வெளிய மாட்டுறது) மாட்டிருக்கேன். போட்ட வளைச்சா மோட்டார் மட்டும் கத்துது, போட் நகர மாட்டேங்குது. புரொப்பல்லர மாத்தணுமா சார்?

பதில்: அவசரப்பட்டு காசை விடாதீங்க, முதல்ல மோட்டார் மாட்டிருக்குற உயரத்த பாருங்க. புரொப்பல்லருக்கு மேல படுக்கையா ஒரு தட்டு இருக்குல்ல, அது போட்டோட அடிமட்டத்துக்கு நேரா, மிஞ்சிப்போனா ஒரு இன்ச் மேல இருக்கலாம், அதுக்கும் மேல தூக்கிட்டா காத்த உறிஞ்சி சும்மா சுத்தும், கூலிங் தண்ணியும் சரியா ஏறாது. மோட்டார மாட்டுற போல்ட் ஓட்டைல ஒரு ஓட்டை அளவு கீழ இறக்கி மாட்டி ஓட்டிப் பாருங்க. அப்புறம் வலை, ஐஸ், ஆளுங்கன்னு வழக்கமான லோடோட ஃபுல் த்ராட்டில்ல ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு எத்தனை சுத்து) பாருங்க. மேனுவல்ல 5000-6000னு இருந்து உங்களுக்கு 4900 தாண்டலன்னா பிட்ச் (புரொப்பல்லர் ஒரு சுத்துக்கு முன்னேறுற கணக்கு தூரம்) 2 இன்ச் குறைவா இருக்குற புரொப்பல்லர் போடுங்க, குறைக்கிற ஒவ்வொரு இன்ச்சுக்கும் ஆர்பிஎம் சுமாரா 200 ஏறும். காலி போட்ல டெஸ்ட் பண்றது வேஸ்ட்.