பழைய மினியில் சூப்பர்சார்ஜர் சூடு: எந்த இன்டர்கூலர் எடுபடும்?

கேள்வி: என்னிடம் 2005 மினி கூப்பர் எஸ் (ஆர்53) இருக்கிறது. கோலாலம்பூரில் தினமும் ஓட்டுகிறேன். மாதம் ஒருமுறை கெந்திங் மலை, வருடத்தில் ஓரிரு தடவை செப்பாங் ரேஸ் டிராக். போன வருடம் சூப்பர்சார்ஜருக்கு (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) 15 சதவீதம் சின்ன புல்லி (அதைச் சுற்றவைக்கும் பெல்ட் சக்கரம்) போட்டேன். காலையில் பறக்கிற வண்டி, மதிய நெரிசலில் அரை மணி நேரம் நின்றுவிட்டால் அப்புறம் இழுக்கவே மாட்டேன் என்கிறது. மேலேயே பெரிய இன்டர்கூலர் (அந்தக் காற்றின் சூட்டை ஆற்றும் பாகம்), முன்பக்க இன்டர்கூலர், தண்ணீரில் குளிர்விக்கும் முறை, உள்ளே போகும் காற்றில் வாட்டர்-மெத்தனால் கலவையைத் தெளிப்பது என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதில் பணம் போடலாம்?

பதில்: உங்கள் தொல்லை புல்லியை மாற்றிய அன்றே ஆரம்பித்துவிட்டது. புல்லி 15 சதவீதம் சிறுத்தால் உள்ளே இருக்கும் ரோட்டர்கள் ஏறக்குறைய 18 சதவீதம் வேகமாகச் சுற்றும். உங்கள் காரில் இருக்கும் ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜர், ரூட்ஸ் என்ற வகை. அது காற்றை உள்ளுக்குள் அமுக்குவதில்லை; வாரி முன்னால் தள்ளுகிறது, அவ்வளவுதான். தள்ளிய காற்று, ஏற்கெனவே அழுத்தத்தில் நிற்கும் காற்றோடு மோதும்போதுதான் அமுங்குகிறது. அந்த மோதலில் வீணாகும் சக்தி எல்லாம் சூடாக மாறும். வெளியே 33 டிகிரி, பூஸ்ட் (அது ஏற்றும் கூடுதல் காற்றழுத்தம்) 0.8 பார் என்று வைத்துக் கணக்குப் போட்டால், சூப்பர்சார்ஜரை விட்டு வரும் காற்று 130 டிகிரியை ஒட்டி இருக்கும். சின்ன புல்லியில் 1 பாரைத் தொட்டால் 150ஐத் தாண்டிவிடும். நன்றாக வேலை செய்யும் இன்டர்கூலர்கூட அதை 70க்குப் பக்கத்தில்தான் கொண்டுவரும். அந்த அளவில், ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் இன்ஜினுக்குப் போகும் காற்றில் சுமார் 3 சதவீதம் குறையும். அதைவிடப் பெரிய அடி, நாக்கிங் (சூட்டில் பெட்ரோல் கலவை தானாக வெடிப்பது) வராமல் இருக்க கம்ப்யூட்டர் இக்னிஷன் டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, பின்னுக்கு இழுப்பதுதான். மதியம் நீங்கள் உணரும் சோம்பல் பெரும்பாலும் அதுதான்.

எதையும் வாங்குமுன் காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஒரு சாதாரண ப்ளூடூத் ஓபிடி கருவியைச் செருகி, இன்ஜினுக்குள் போகும் (இன்டேக்) காற்றின் வெப்பநிலையைப் பாருங்கள். விடியற்காலையில் ஒன்று, நெரிசலில் ஒன்று, கெந்திங் ஏற்றத்தில் ஒன்று என்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இது இல்லாமல் எதை மாற்றினாலும் குருட்டாம்போக்குதான்.

அப்புறம் பானெட்டைத் தூக்குங்கள். ஆர்53இல் இன்டர்கூலர் இன்ஜின் தலைமேலேயே உட்கார்ந்திருக்கிறது. பானெட்டில் உள்ள காற்றுத் திறப்பு வழியாக வரும் காற்று அதன்மேல் விழ வேண்டும். நடுவில் ஒரு ரப்பர் கூடு இருக்கும். 20 வருடச் சூட்டில் அது வெந்து, சுருங்கி, ஓரத்தில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தால் வரும் காற்றில் நல்ல பங்கு பக்கவாட்டில் ஓடிவிடும். இன்டர்கூலரின் இரண்டு பக்கத்து ரப்பர் குழாய்களையும் கழற்றிப் பாருங்கள். மடிப்பில் கீறல், வெளிப்பக்கம் கறுப்பு எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பூஸ்ட் அங்கே கசிகிறது. மூன்றாவது, பைபாஸ் வால்வு. மெதுவாகப் போகும்போது அது திறந்து, காற்றை அமுக்காமல் சும்மா சுற்றவிட வேண்டும். சரியாகத் திறக்காமல் சிக்கிக்கொண்டால், நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும்போதும் சூப்பர்சார்ஜர் காற்றை வறுத்துக்கொண்டே இருக்கும். இந்த மூன்றையும் சரிபார்க்க ஆகும் செலவு ஒரு புது இன்டர்கூலர் விலையில் சின்னப் பங்குதான்.

சரி, இதெல்லாம் செய்தும் போதவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

என் முதல் தேர்வு, அதே இடத்தில் பொருந்தும் பெரிய இன்டர்கூலர். 2006இல் மினியே ஜிபி என்ற 2000 கார்களில் இதைத்தான் செய்தது. குழாய் நீளாது, மிதித்தவுடன் கிடைக்கும் பதில் அப்படியே இருக்கும், கெட்டுப்போக எந்தப் பாகமும் இல்லை. ஆனால் சிக்னலில் நிற்கும்போது எவ்வளவு பெரிய இன்டர்கூலரும் இன்ஜின் சூட்டில் வேகத்தான் செய்யும். நகர்ந்து வேகமெடுத்தால் இறங்கிவிடும். பெரிய உலோகக் கட்டி சூடேற நேரம் எடுக்கும், ஆறவும் கொஞ்சம் எடுக்கும்.

முன்பக்க இன்டர்கூலருக்கு நல்ல காற்று கிடைக்கும், உண்மைதான். ஆனால் மினியின் மூக்கில் ஏற்கெனவே ஏசி கண்டென்சரும் ரேடியேட்டரும் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. அவற்றின் முன்னால் இன்னொன்றை நிறுத்தினால் கோலாலம்பூர் வெயிலில் ஏசியும் அடிபடும், இன்ஜின் சூடும் ஏறும். மாதக்கணக்கில் டிராக்கிலேயே கிடக்கும் வண்டிக்குச் சரி. தினமும் ஆபீஸ் போகும் வண்டிக்கு நான் சொல்ல மாட்டேன்.

தண்ணீர் முறைதான் உங்கள் ஓட்டத்துக்கு ஆசை காட்டும்: காற்றின் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொண்டு, முன்னால் உள்ள ஒரு குட்டி ரேடியேட்டரில் கொண்டுபோய் விடும். ஜாகுவாரின் சூப்பர்சார்ஜ்டு வி8, ஏஎம்ஜி 55 போன்றவற்றில் கம்பெனியே இதைத்தான் வைத்தது. உங்கள் இன்ஜின் முழு மிதியில் இருக்கும்போது இன்டர்கூலர் வெளியேற்ற வேண்டிய சூடு ஏறக்குறைய 10 கிலோவாட். சுற்றில் 6 லிட்டர் தண்ணீர் இருந்தால், 10 விநாடி முழு மிதியில் அந்தத் தண்ணீர் 4 டிகிரிதான் ஏறும். விட்டு விட்டு மிதிக்கும் தெருவில் இது அருமை. செப்பாங்கில் 20 நிமிடம் விடாமல் அடித்தால் கதை வேறு. அங்கே தண்ணீரின் அளவு கணக்கில் வராது; முன்னால் வைக்கும் ரேடியேட்டர் எவ்வளவு பெரியது என்பதுதான் பேசும். கெந்திங் ஏற்றமும் கிட்டத்தட்ட அப்படித்தான்: மணிக்கு 50 கிலோமீட்டர், மிதி மட்டும் ஆழம். அதனால் அந்தக் குட்டி ரேடியேட்டருக்குத் தனி மின்விசிறி இல்லாமல் இதைப் போடாதீர்கள். (நேர்கோட்டில் சில விநாடி பாயும் டிராக் (drag) ரேஸ்காரர்கள் தண்ணீர்த் தொட்டியில் ஐஸ் கொட்டுவார்கள். 2 கிலோ ஐஸ் உருகி உங்களுக்குக் கொடுப்பது ஒரு நிமிடத்துச் சூட்டுக்கான குளிர்ச்சி. மலை உச்சிவரை போக ஒரு ஐஸ் வண்டியே பின்னால் வர வேண்டும்.)

இன்னொன்று, அந்தத் தண்ணீரைச் சுற்றவிடும் பம்ப். அது நின்றால் சத்தமே வராது. எனக்குத் தெரிந்த ஒரு காரில் ஃபியூஸ் போய்ப் பல வாரம் தண்ணீர் ஓடவே இல்லை. "பெட்ரோல் சரியில்லை போல" என்று ஓட்டிக்கொண்டிருந்தார்கள். தொட்டியின் மூடியைத் திறந்து தண்ணீர் சுழல்கிறதா என்று வாரம் ஒருமுறை பார்க்கும் பொறுமை இருந்தால் மட்டும் இதற்குப் போங்கள்.

வாட்டர்-மெத்தனால் இன்டர்கூலருக்கு மாற்று இல்லை, அதற்குமேல் ஒரு துணை. உங்கள் காரில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு: மினியின் டிக்கி, உட்காரும் அறையோடு சேர்ந்தது. மெத்தனால் தோல் வழியாகக்கூட உடம்பில் ஏறும் விஷம்; பட்டப்பகலில் எரிந்தால் தீ கண்ணுக்கே சரியாகத் தெரியாது. அதன் தொட்டியை டிக்கியில், முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டாம். தெளிக்கத்தான் வேண்டும் என்றால் வெறும் காய்ச்சி வடித்த தண்ணீரே போதும். ஆவியாகும்போது ஒரு கிலோ தண்ணீர் உறிஞ்சும் சூடு, மெத்தனால் உறிஞ்சுவதைப்போல இரண்டு மடங்கு. எதைத் தெளித்தாலும் அதை நம்பி டைமிங்கை ஏற்றி டியூன் செய்யாதீர்கள். தொட்டி காலியாகும் நாளில், அல்லது நாசில் அடைக்கும் நாளில், பிஸ்டன் விலை கொடுக்கும்.

ஆகவே முதலில் ரப்பர் கூடும் குழாய்களும் பைபாஸ் வால்வும், அடுத்து மேலேயே பெரிய இன்டர்கூலர். மாட்டிய பிறகு அதே கெந்திங் ஏற்றத்தில், அதே மதிய நேரத்தில், அதே கியரில் ஏறி எண்ணைக் குறியுங்கள். பழைய எண்ணைவிட 15, 20 டிகிரி இறங்கியிருந்தால், தண்ணீர் முறைக்கு ஒதுக்கிய பணத்தில் நல்ல டயர் நான்கு வாங்கிப் போடுங்கள்.